வாசகர் கேள்வி – பதில்: தில்லிக்குப் போகுமுன் அரிக்கமேட்டுக்கு ஒரு நடை

அருங்காட்சியகப் பயணம் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்மாதம் பதில் எழுதுகிறேன். பிற கேள்விகளுக்கு உரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் தில்லி செல்ல எண்ணியுள்ளோம். நான், என் கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், எழுபத்திரண்டு வயதான மாமியார் என மொத்தம் ஐந்து பேர். தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் போதும் என்று கணவர் கூறுகிறார். மகளோ ஒரு முழு நாள் வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி? எவ்வாறு திட்டமிடுவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒரு நாள் முழுவதையும் செலவிட்டாலும் அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்து முடிக்க இயலாது என்பதால், இந்த வழக்கில் இருவருக்கும் வெற்றி இல்லை. அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ள பொருள்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவற்றில் ஒரு பகுதி மட்டுமே காட்சியில் உள்ளது. காலை 10 மணிக்கு நுழைந்து மாலை 6 மணி வரை, உண்ணாமல் உட்காராமல், ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் என்று நின்றாலும் 480 பொருள்களைத்தான் பார்த்திருப்பீர்கள்; அவற்றில் பத்துக்கூட மறுநாள் நினைவில் இராது. எனவே எவ்வளவு நேரம் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த மூன்று அறைகள் என்பதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முதல் நாள் காலை 10 முதல் 1 மணி வரை அனைவரும் செல்லுங்கள். மகளுக்கு ஆசை தீரவில்லை என்றால், மறுநாள் அவளும் நீங்களும் மட்டும் இரண்டு மணி நேரம் திரும்பச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் சிறு தொகையே ஆதலால் இரண்டாம் முறை செல்வதால் பெரிய செலவு எதுவும் வந்துவிடாது.

அடுத்து கிழமைகளைப் பாருங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்கும் அன்றே விடுமுறை. ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே திங்களன்று குதுப்மினாரையும் உமாயூன் கல்லறையையும் வைத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ தள்ளுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்ப்பதற்கென்றே இரவெல்லாம் ரயிலில் சென்று, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான்; கதவில் விடுமுறைக் கிழமை பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தது.

ரயிலில் செல்வதாயின், முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்து, அக்டோபர் இறுதியில் அதற்கான நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியாவின் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். சென்று இறங்கும் நாளிலேயே அருங்காட்சியகத்தை வைத்துக்கொண்டால் அந்த நாள் நடைமேடையில் கழிந்துவிடக்கூடும். பயணம் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் இன்னொரு தடையும் உண்டு: அருங்காட்சியகம் அமைந்துள்ள ஜன்பத் சாலை, குடியரசு நாள் அணிவகுப்பு நடக்கும் கர்தவ்ய பாதைக்கு அருகிலேயே இருப்பதால், ஒத்திகை நாட்களில் அப்பகுதிச் சாலைகளை மறித்துவிடுவார்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பை உள்ளடக்கி, நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களில் ‘யுகே யுகீன் பாரத்’ என்ற மிகப் பெரிய தேசிய அருங்காட்சியகத்தை அமைக்கும் திட்டத்தை 2023இல் மத்திய அரசு அறிவித்தது. இத்தகைய இடமாற்றக் காலத்தில் காட்சிக்கூடங்கள் சில மூடியிருக்கவும், பொருள்கள் இடம் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. எனவே பயணச்சீட்டு எடுக்குமுன் ஒரு முறையும், புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு முறையும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு காரணங்களாலும் பொருள்கள் பயணம் போவதுண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் கிடைத்த புத்தரின் புனித எச்சங்கள் 2024இல் இங்கிருந்து தாய்லாந்துக்குச் சென்று வந்தன.

இனி அந்த மூன்று அறைகள். என்னைக் கேட்டால் முதலில் அரப்பா காட்சிக்கூடம். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த நடனப் பெண் சிலையைப் பாடநூலில் முழுப்பக்கப் படமாகப் பார்த்த பிள்ளைகள் அது ஆளுயரம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு செல்வார்கள். நேரில் அதன் உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். அந்த ஏமாற்றம் அங்கே நேராமல் இருக்க, வீட்டிலேயே ஓர் அளவுகோலை எடுத்து மகனுக்குக் காட்டிவிடுங்கள்; இவ்வளவு சிறிய வெண்கலத்தில் இடக்கை நிறைய வளையல்களையும் இடுப்பில் ஊன்றிய கையையும் எப்படி வார்த்தார்கள் என்ற கேள்வி அவனுக்குள் தானாக எழும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் அம்முறையில்தான் வார்க்கிறார்கள் என்று சொன்னால் மகளுக்கு இரண்டாவது அறைக்கான வழி திறந்துவிடும்.

மகளிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். 1947இல் நாட்டைப் பிரித்தபோது மொகஞ்சதாரோவின் பொருள்களையும் பிரித்தார்கள். நடனப் பெண் இந்தியாவுக்கு வந்தாள். தாடி வைத்த ‘பூசாரி அரசன்’ சிலை பாகிஸ்தானுக்குப் போயிற்று. கழுத்தணிகளையும் மேகலையையும்கூட விட்டுவைக்காமல் மணிகளைக் கழற்றிப் பங்கிட்டுக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஓர் அணியைப் பார்க்கும்போது, அதன் மறுபாதி எல்லைக்கு அப்பால் வேறொரு பெட்டியில் இருக்கிறது என்று அறிந்து பார்ப்பது ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் பிரிவினை பற்றிய பத்துப் பக்கப் பாடத்தைவிட நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, செப்புத் திருமேனிகள் உள்ள அறை. இங்கே உங்கள் மாமியாரை முன்னே நடக்கவிடுங்கள். பெயர்ப்பலகையைப் படிக்காமலேயே யார் எந்தத் தெய்வம் என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளத்திலிருந்து சென்ற சோழர் கால நடராசர் இங்கே இருக்கிறார். சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் குடியிருப்பவர்கள் நீங்கள்; நம் கண்ணில் பதிந்திருப்பது இடக்காலைக் குறுக்கே தூக்கிய ஆனந்த தாண்டவம். திருவரங்குளத்துப் பெருமான் ஆடுவதோ சதுர தாண்டவம். தூக்கிய திருவடி அங்கே கிடையாது, முழங்கால்களை மடித்து அகட்டிய நிலை. வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது அறையைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். நாணயமா, ஆயுதமா, ஓவியமா என்று அவர்களே இணையத்தில் பார்த்து முடிவு செய்யட்டும். கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்தில் இந்த அருங்காட்சியகத்தின் பொருள்கள் பலவற்றைக் காணலாம். பைகளை வாயிலில் பொருள் வைப்பறையில் ஒப்படைக்க நேரும் ஆதலால், மாமியாரின் மாத்திரைகளையும் அடையாள அட்டைகளையும் கைப்பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தில்லிக்குப் போகிறவர்கள் முதலில் அரிக்கமேட்டையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் அரிக்கமேட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தோப்பும் இடிந்த சுவர்களும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அருங்காட்சியகத்திலும் உடைந்த பானை ஓடுகளைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: அந்தச் சுவர்கள் பழங்காலத்தவை அல்ல, 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடத்தின் மிச்சம் என்பதால், உங்கள் ஏமாற்றத்தில் பாதியை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உடைந்த ஓடுகளைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, அலமாரி ஒன்றில் கிடந்த ஒரு சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கொண்ட துண்டைக் கண்டார். மத்தியதரைக்கடல் நாடுகளில் திராட்சை மதுவும் எண்ணெயும் ஏற்றி அனுப்பப் பயன்பட்ட ஆம்போரா சாடியின் துண்டு அது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேடு என்றார்கள். அவர் புதுச்சேரிக்கு வந்து பார்த்தபோது, இங்கே பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் அதே மேட்டிலிருந்து எடுத்த பொருள்கள் இருந்தன. அவற்றுள் இத்தாலியின் அரெட்சோ நகரப் பெயரால் அரிட்டைன் என்று அழைக்கப்படும் சிவப்பு மெருகுக் கலங்களின் ஓடுகளும் இருந்தன. மறு ஆண்டே, 1945இல், பிரெஞ்சு அரசின் இசைவுடன் அகழாய்வு தொடங்கியது.

ஓர் ஓட்டுக்கு ஏன் இத்தனை ஆர்வம்? உங்கள் வீட்டில் பாட்டியின் பழைய இரும்புப் பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுக்கடுக்காகப் புடவைகள். எந்தப் புடவை எந்த ஆண்டு எடுத்தது என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு மடிப்புக்குள்ளிருந்து ஆண்டு அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை ஒன்று விழுகிறது. அந்த அடுக்கில் இருக்கும் புடவைகள் ஏறத்தாழ அக்காலத்தவை, கீழே இருப்பவை அதற்கு முந்தியவை, மேலே இருப்பவை பிந்தியவை என்று உடனே கணித்துவிடலாம் அல்லவா? அரிட்டைன் ஓடுதான் அந்தக் கல்யாணப் பத்திரிகை. இத்தாலியில் அது எப்போது செய்யப்பட்டது என்பது தெரியும். பொது ஆண்டு முதல் நூற்றாண்டின் முற்பகுதியோடு அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம்முடைய ஓடுகளுக்கும், உட்புறத்தில் பல்சக்கரம் உருட்டிய கோலம் உள்ள ரூலெட்டட் கலங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. ஆண்டு எழுதிய சான்று இல்லாமல் தவித்த தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த உறுதியான பிடிமானம் இது. வேறெங்கோ தோண்டும்போது ரூலெட்டட் ஓடு கிடைத்தால், அந்த இடத்தின் காலத்தையும் ஊகிக்க இயன்றது.

வீலர் எழுதிய எல்லாமே நிலைத்துவிடவில்லை என்பதும் இந்தக் கதையின் சுவையான பகுதி. ரோமானிய வணிகத்தால்தான் அவ்வூர் எழுந்தது என்பது போல் அவர் எழுதினார். பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் நடத்திய அகழாய்வும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வும் ரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டின. வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் கருதிய ரூலெட்டட் கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துகள் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்தன. கண்ணாடியும் கல்லும் கொண்டு மணிகள் செய்த பட்டறை ஊர் அது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ நூலில் வரும் ‘பொதுகே’ என்ற துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள்.

ஆகவே பாரதி பூங்காவுக்கு அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு இன்னொரு முறை செல்லுங்கள். அதற்கும் திங்களன்று விடுமுறை. அங்கிருந்து மேட்டுக்குப் போய் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் சற்று நேரம் நில்லுங்கள். ஒரு பொருள் கிடைத்த மண்ணையும், அது இப்போது இருக்கும் கண்ணாடிப் பெட்டியையும் ஒரே முற்பகலில் பார்க்கும் வசதி தில்லிவாசிகளுக்குக் கிடையாது. ‘இது எங்கே கிடைத்தது, இதனோடு வேறு என்ன கிடந்தது’ என்று கேட்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால், தில்லியில் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் அக்கேள்வி கூடவே வரும். மழைக்குப் பின் மேட்டில் மணி ஏதேனும் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தைவிட்டு நீங்கிய மணி பிறகு வெறும் மணிதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் மருங்கூரில் அகழாய்வு நடந்ததே, அந்தப் பொருள்களையும் தில்லிக்குக் கொண்டுபோய்விடுவார்களா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: மாட்டார்கள். 2024இல் மருங்கூரில் தோண்டியது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை. கண்டெடுத்தவை அத்துறையின் பொறுப்பிலேயே இருக்கும். கீழடிப் பொருள்களுக்கு 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்ததைப் பார்த்திருப்பீர்கள். கடலூருக்கு அருகே காரைக்காட்டிலும் அரிக்கமேட்டை ஒத்த ஓடுகள் முன்பே கிடைத்திருக்கின்றன என்பதை நம் மாவட்டத்தாரே மறந்துவிட்டார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரைத் தில்லிக்கு அழைத்துச் செல்ல வசதி இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் சென்று திரும்ப விரும்புகிறோம். சென்ற முறை பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுத் திமிங்கல எலும்புக்கூட்டைத் தவிர எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: திமிங்கலத்தை நினைவில் வைத்திருப்பது குற்றமல்ல, எனக்கும் என் முதல் வருகையிலிருந்து அதுதான் நினைவில் இருக்கிறது. தில்லி வாய்க்கவில்லை என்று வருந்தவும் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. தில்லியின் தேசிய அருங்காட்சியகமோ, லண்டனில் நடந்த இந்தியக் கலைக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய பொருள்களைக் கொண்டு 1949 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960இல்தான் இன்றைய கட்டடத்துக்கு வந்தது. வயதில் எழும்பூர் கிட்டத்தட்ட நூறு ஆண்டு மூத்தது. செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கும் இடத்தை எந்தத் தலைநகரத்துக்கும் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் எழும்பூர் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். ஆனால் நாற்பது பிள்ளைகளோடு சாலையைக் கடப்பதை நினைத்தால் பேருந்தை வாயிலில் நிறுத்துவதே நல்லது. பள்ளியின் கடிதத்தைச் சில வாரங்கள் முன்னதாகவே அனுப்பி, காப்பாட்சியர் ஒருவர் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளை எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு காட்சிக்கூடத்தைக் கொடுங்கள்: ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் ஒரு குழுவுக்கு, அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் ஒரு குழுவுக்கு, 1863இல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு ஒரு குழுவுக்கு என்று இப்படி. பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் பிள்ளைகள் பலகையைத்தான் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் முன் தரையில் உட்கார்ந்து, இருபது நிமிடம் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். படம் நன்றாக வர வேண்டிய அவசியமில்லை. வரைகிறவன் அம்மனின் இடுப்பு எந்தப் பக்கம் ஒசிந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பிற்பகலில் ஒவ்வொரு குழுவும் மற்றவர்களைத் தன் இடத்துக்கு அழைத்துச் சென்று, தான் வரைந்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். திமிங்கலத்துக்குக் கடைசி அரை மணி நேரம்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் கைப்பேசியில் படம் எடுக்க விடுவார்களா? ஃபிளாஷ் கூடாது என்று ஏன் கத்துகிறார்கள்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் விடுவார்கள், கூடத்துக்குக் கூடம் விதி மாறும் ஆதலால் வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளி பட்டு ஓவியத்தின் நிறமும் துணியின் சாயமும் மங்கினால் அந்தச் சேதம் பிறகு ஆறுவதில்லை, கூடிக்கொண்டேதான் போகும்; அதனால்தான் அந்த அறைகளில் விளக்குகூட மங்கலாக இருக்கிறது. கல்லுக்கும் செம்புக்கும் அந்த அச்சம் அவ்வளவாக இல்லை என்றாலும், கண்ணாடிப் பெட்டியின் முன் ஃபிளாஷ் அடித்தால் உங்கள் படத்தில் விழுவது உங்கள் முகமே.

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாற்றில் முதுகலை படிக்கிறான். தில்லிக்கு அழைத்துப் போனால் அவனுக்கு அங்கே என்ன இருக்கும்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இருக்கிறது. சேகரிப்பிலுள்ள சில பொருள்களின் மாதிரிகளைக் கையால் தடவி அறியும்படி ‘அனுபவ்’ என்ற தொடு காட்சிக்கூடத்தைத் தேசிய அருங்காட்சியகம் 2015இல் திறந்தது. மேலே சொன்ன இடமாற்றத்தை முன்னிட்டு, அது திறந்திருக்கும் நாளைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். மாதிரியின் அளவும் மூலப் பொருளின் அளவும் ஒன்றா என்று அங்கே கேட்டுத் தம்பியிடம் சொல்லுங்கள். கையால் பார்ப்பவருக்கு அளவு மிக முக்கியம். போகுமுன் சுவாமிமலை வார்ப்புப் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்று, மெழுகு உருவத்தையும் மண் பூசிய கருவையும் வார்த்து முடித்த சிலையையும் அடுத்தடுத்து அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் பட்டறைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.